ஏரிக்குள் ஒரு மாருத்

ஆம்பூருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிரியாணி, தோல், ஷூ, இந்த மூன்றை விட்டால் நம்மூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு வேறொன்றும் தெரியாது. ஆனால் சுற்றிலும் பாருங்கள். அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி 1992 முதல் இருக்கிறது. வேலூர் அப்துல்லாபுரத்தில் ஒரு ஓடுதளம் இருக்கிறது. பயணிகள் விமானம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று நாமும் பேப்பரில் படித்துக்கொண்டே இருக்கிறோம். இவை தவிர, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, இந்தியாவிலேயே வடிவமைத்துத் தயாரான முதல் ஜெட் போர் விமானத்தைக் கையால் தொட்டுத் துடைத்து முடுக்கிப் பறக்க அனுப்பிய மனிதர் ஒருவர் போன மே மாதம் வரை இருந்தார்.

பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார். 'பெரிய பாய்' என்றே வைத்துக்கொள்வோம். 81 வயது. 1962-ல் விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்தவர். ஏர்ஃபிரேம் ஃபிட்டர், அதாவது இஞ்சினைத் தவிர்த்த உடல், சிறகு, வால் எல்லாம் இவர்கள் பொறுப்பு. அவருடைய தம்பி, நான் 'சின்ன பாய்' என்று கூப்பிடுபவர், ஷூ ஃபேக்டரியில் பேட்டர்ன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் டேனரியில் மெயின்டனன்ஸ் பார்த்தவன். ஃப்ளெஷிங் மிஷின், ஸ்ப்ளிட்டிங் மிஷின், டிரம் இவற்றோடு 36 வருஷம் போயிற்று. என் ஏரோமாடலிங் பைத்தியம் உங்களுக்குப் பழைய கதை. சென்னையில் படித்தபோது என்.சி.சி. விமானப் பிரிவில் பால்சா மரத்தைச் சீவிக் கம்பியில் கட்டிச் சுற்றவிட்டதில் ஆரம்பித்தது. ரிட்டயர் ஆன பிறகு கம்பி போய் ரேடியோ வந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் டீக்கடையில் யாரோ தேஜஸைப் பற்றிப் பேசும்போது, "நம்ம நாடு செஞ்ச முதல் சண்டை விமானம்" என்று சொல்லிவிட்டார். தேஜஸ் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4-ல். பெரிய பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நாப்பது வருஷம் முன்னாடியே நாம செஞ்சோம் தம்பி. நான் அதுல கைவெச்சு வேலை செஞ்சிருக்கேன்" என்றார். சொன்னவர் நம்பவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு சின்ன பாயை உறுத்தியது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தார். "சார், உங்க பொம்மை ஏரோப்ளேன்ல அந்த மாருத்தைச் செய்ய முடியுமா? பாய்ஜான் பார்க்கணும். அடுத்த மாசம் பெங்களூர் போயிடுவார், பொண்ணு வீட்டுக்கு. இந்த வயசுல போனா திரும்பி வர்றது எங்கே?"

மாருத் என்கிற எச்.எஃப்.-24 பற்றி ஒரு பாராவாவது சொல்ல வேண்டும். அதை வடிவமைத்தவர் குர்ட் டாங்க் என்கிற ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் ஃபாக்-வுல்ஃப் 190 விமானத்தைச் செய்தவர். போருக்குப் பின் அர்ஜென்டினா போய், அங்கிருந்து 1956-ல் இந்தியா வந்து பெங்களூர் எச்.ஏ.எல்.-லில் சேர்ந்தார். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் பாடம் சொல்லியிருக்கிறார். நம் கலாம் ஐயா அப்போது அங்கே மாணவர். விமானம் 1961 ஜூன் 17-ல் முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். மொத்தம் 147 செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் மாருத்துகள் வேலை செய்தன. அதற்கு வாய்த்த குறை இஞ்சின். டாங்க் மனதில் வைத்திருந்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12 என்கிற சக்தி மிகுந்த இஞ்சின். அதை உருவாக்கும் வேலையைப் பிரிட்டன் பாதியில் நிறுத்திவிட்டது. மேற்கொண்டு பணம் போட்டு முடித்துக்கொள்ள நம் அரசு முன்வரவில்லை. கடைசியில் நம் சிறிய நாட் விமானத்தில் இருந்த இஞ்சினின் உடன்பிறப்பான ஆர்ஃபியஸ் 703-ஐ இரண்டாகப் போட்டு ஒப்பேற்றினார்கள். எகிப்து செய்த இஞ்சினைக்கூட ஒரு விமானத்தில் பொருத்திப் பார்த்தார்கள். ஒன்றும் அமையவில்லை. ஒலியைத் தாண்டுவதற்காக வரைந்த உடம்பு, மட்டமாகப் பறக்கையில் கடைசிவரை ஒலியைத் தாண்டாமலே ஓய்வு பெற்றது. இதைப் பெரிய பாயிடம் சொன்னால், "ரெண்டு இஞ்சின் இருந்துச்சே! ஒண்ணு போனாலும் பசங்க வீடு வந்து சேர்ந்தாங்க" என்பார். அதுவும் உண்மைதான். 71-ல் ஒரு இஞ்சின் போய் ஒற்றை இஞ்சினில் திரும்பி வந்த மாருத்துகள் உண்டு.

கடையில் மாருத் கிட் கிடைக்காது. ஸ்பிட்ஃபயர் கிடைக்கும், முஸ்டாங் கிடைக்கும், சுகோய்கூடக் கிடைக்கும். என்னிடம் மூக்குடைந்த ஒரு சீனத்து ஃபோம் ஜெட் இருந்தது. பின்சாய்ந்த சிறகு, உள்ளே 70 மில்லிமீட்டர் விசிறி. இந்த விசிறியை இ.டி.எஃப். என்பார்கள். குழாய்க்குள் சுழலும் பல இதழ் விசிறி. முன்னால் காற்றை இழுத்துப் பின்னால் தள்ளும், சத்தமும் ஜெட் போலவே கேட்கும். இதையே மாருத்தாக மாற்றுவது என்று முடிவு செய்தோம். சிறகின் சாய்வு ஏறக்குறையப் பொருந்தியது. மூக்கு, காற்று வாய், இடுப்பு, வால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது.

சின்ன பாய் இல்லாவிட்டால் அந்த இடுப்பு வந்திருக்காது. மாருத்தின் உடம்பு சிறகு சேரும் இடத்தில் கோக் பாட்டில் மாதிரி ஒடுங்கியிருக்கும். ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் இழுவையைக் குறைக்க அந்தக் காலத்தில் கண்டுபிடித்த வித்தை அது. சிறகு எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அவ்வளவு உடம்பைக் குறைத்துவிட வேண்டும், மூக்கிலிருந்து வால் வரை மொத்தக் குறுக்களவு திடுக்கென்று மாறக் கூடாது. மணிக்கு 90 கிலோமீட்டரில் பறக்கும் என் பொம்மைக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. ஆனால் இடுப்பில்லாமல் அதை மாருத் என்று பெரிய பாய் ஒப்புக்கொள்ள மாட்டார். டெப்ரான் என்கிற மெல்லிய ஃபோம் அட்டையை ஒரு பக்கம் வளைக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வளைத்தால் நொறுங்கிவிடும். நான் சூடு காட்டிப் பார்த்தேன், நனைத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. சின்ன பாய் வந்து பார்த்துவிட்டு, "இது ஷூ அப்பர்தானே சார்?" என்றார்.

மறுநாள் பிரவுன் பேப்பர், மாஸ்கிங் டேப், கத்தியோடு வந்தார். நான் செதுக்கி வைத்திருந்த தெர்மாகோல் அச்சின் மேல், ஷூ செய்யும் கட்டையின் மேல் ஒட்டுவதுபோல டேப்பை ஒட்டினார். பென்சிலால் கோடு போட்டார். டேப்பைக் கோட்டில் கிழித்து உரித்துப் பேப்பரில் படிய வைத்தார். கால் விரல் பக்கத்துக்கு ஒரு துண்டு, குதிகால் பக்கத்துக்கு இரண்டு துண்டு என்று ஷூவுக்குப் பிரிப்பதுபோலவே விமானத்தையும் ஆறு துண்டாகப் பிரித்துவிட்டார். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் போதும். ஆறையும் சேர்த்தபோது இடுப்பு வந்துவிட்டது. நாற்பது வருஷம் செய்த தொழில் மனுஷனுக்கு விரலில் இருக்கிறது. ஒட்டுவதற்கு அவர் கொண்டுவந்த ஷூ சொல்யூஷனை மட்டும் நான் வாங்கவில்லை. அது கரைப்பான் கலந்த பசை, ஃபோமைத் தின்றுவிடும். இப்போது ஷூ வேலையிலும் தண்ணீர் கலந்த பசை வந்துவிட்டது, அதை வாங்கி வரச் சொன்னேன்.

வால் தகடும் ஐலரானும் அசைய வேண்டிய கீல்களுக்கு எல்லோரும் டேப் ஒட்டுவார்கள். நம்மூர் வெயிலில் ஒரு கோடை தாங்காது, பசை இளகிப் பிரிந்துவிடும். அதற்கும் சின்ன பாய் ஒரு வழி வைத்திருந்தார். ஆட்டுத்தோல் லைனிங்கை ஸ்கைவிங் மிஷினில் கொடுத்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவி, விரல் அகலத் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தார். ஒட்டிக் காய்ந்த பின் ஆயிரம் தடவை மடக்கினாலும் கம்மென்று இருக்கிறது. உலகத்தில் ஆட்டுத்தோல் கீல் போட்ட ஜெட் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆம்பூரில் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது புகைபோக்கி. மாருத்துக்குப் பின்னால் இரண்டு வாய். எனக்கோ உள்ளே ஒரே விசிறி. குழாயை இரண்டாகப் பிரித்தேன். மீன் எடை போடும் தொங்கு தராசில் கட்டி முழு வேகம் கொடுத்துப் பார்த்தால் தள்ளும் விசை 1,400 கிராமிலிருந்து 1,120-க்கு இறங்கிவிட்டது. விமானத்தின் மொத்த எடையோ 1,380. பிரித்த குழாயைக் கழற்றி எறிந்தேன். ஒரே வாய், ஆனால் வெளியே எட்டு வடிவத்தில் கிள்ளி, நடுவே ஒரு குட்டைத் தகடு. பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு வாய்தான். தராசு 1,310 காட்டியது. அதோடு விசிறிக்கு மூச்சு போதவில்லை. பக்கவாட்டுக் காற்று வாய்களை அசல் அளவில் வைத்தால் இப்படித்தான் ஆகும். அடிவயிற்றில் தீப்பெட்டி அகலத்தில் ஒரு ஓட்டை போட்டு, மண்ணும் சருகும் போகாமல் கொசுவலை ஒட்டினேன். பெரிய பாய் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மாருத்துக்கு வயித்துல ஓட்டை கிடையாது தம்பி."

"இஞ்சினுக்குக் காத்து பத்தல பெரிய பாய்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இஞ்சின் பத்தலைன்னா சரி. அது நம்ம பழைய கதைதானே" என்று விட்டுவிட்டார்.

நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. போர்க்கால பச்சையும் பழுப்பும் வேண்டாம், ஸ்க்வாட்ரனுக்கு வந்து இறங்கியபோது பளபளவென்று இருந்த வெள்ளிதான் வேண்டும் என்றார். வெள்ளி நிறம் நம் மே மாத வானத்தில் காணாமலே போய்விடும். விமானம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று ஒரு வினாடி தெரியாமல் போனாலே கதை முடிந்தது. அதனால் மேலே வெள்ளி, சிறகின் அடியில் மட்டும் இரண்டு தடித்த கறுப்புப் பட்டை என்று சமாதானம் பேசினோம்.

இனி பறக்க வைக்க வேண்டும். இதில் எனக்கு வழிகாட்டியது மாருத்தின் வரலாறுதான். 1959-ல், இஞ்சின் விமானம் எதுவும் செய்வதற்கு முன்னால், முழு அளவில் மரத்தால் ஒரு கிளைடர் செய்தார்கள். இஞ்சின் இல்லாத மாருத். டகோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் போய் மேலே விட்டுவிடுவார்கள். சுரஞ்சன் தாஸ் அதை மிதக்கவிட்டு இறக்குவார். எழுபதுக்கு மேற்பட்ட தடவை அப்படிப் பறந்து சிறகு எங்கே தளர்கிறது, வால் எப்படிப் பேச்சுக் கேட்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இஞ்சின் பக்கம் போனார்கள். எங்கள் விசிறிக்கு அவசரமில்லை என்று முடிவு செய்தேன். விசிறியையும் பேட்டரியையும் கழற்றி, அதே எடைக்கு மணல் பொட்டலம் கட்டி அதே இடத்தில் வைத்தேன்.

எடை எங்கே நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. சிறகின் அடியில் இரண்டு ஆள்காட்டி விரலை வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சிறகின் சராசரி அகலத்தில் முன் விளிம்பிலிருந்து கால் பங்கு தூரம். பின்சாய்ந்த சிறகில் இந்தச் சராசரி எங்கே விழுகிறது என்று காகிதத்தில் வரைந்துதான் கண்டுபிடிக்க வேண்டும், கண்ணால் பார்த்தால் ஏமாற்றும். குழாயும் தகடும் சேர்ந்ததில் எங்களுக்கு வால் கனத்தது. டயர் கடையில் சக்கரம் பேலன்ஸ் செய்ய ஒட்டும் ஈயத்துண்டு 90 கிராம் வாங்கி மூக்கில் வைத்தேன்.

இடம், ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே ஓர் ஏரி. பாலாற்று மணலில் பறக்கவிட முடியாது. விசிறி மணலைக் குடித்துவிடும். மே மாதத்து ஏரியோ வெடித்த களிமண் தரை, வயிற்றால் சறுக்கி இறங்கத் தோதாக இருக்கும். ஓரத்தில் சீமைக் கருவேலம், நடுவில் ஆடு மேய்ப்பவர்கள், வேறு தொந்தரவில்லை. 2021 டிரோன் விதிகள் வந்த பிறகு இதிலெல்லாம் சட்டம் உண்டு. எங்களைப் போன்ற மாடல்களைப் பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் பறக்கவிடலாம். ஆனால் கண் பார்வைக்குள் இருக்க வேண்டும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையாக இருக்க வேண்டும். பச்சையிலும் 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் அந்த வரைபடத்தைப் பாருங்கள், பிறகு பசையை வாங்குங்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, காற்று எழும்புமுன் காலை ஆறு மணிக்கு. முதல் வாரம் ஏரிக்கரை மேலிருந்து கையால் வீசினோம். இரண்டாம் வாரம் தரையில் முளையடித்து, பத்து மீட்டர் ரப்பர் டியூபும் முப்பது மீட்டர் நைலான் கயிறும் கட்டி, தராசில் ஐந்து கிலோ காட்டும்வரை இழுத்து விட்டோம். எங்கள் டகோட்டா அதுதான். எதிர்வீட்டுப் பையன், இஞ்சினியரிங் படிக்கிறவன், ஓடி ஓடிப் பொறுக்கி வந்தான். மெதுவாகத் திரும்பும்போது இடது சிறகு நுனி சட்டென்று சாய்வது ஐந்தாவது இழுப்பில் தெரிந்தது. பின்சாய்ந்த சிறகின் பிறவிக் குணம் அது. வேகம் குறைந்தால் நுனிதான் முதலில் தூக்குவதை நிறுத்தும். நுனி செத்தால் விமானம் அந்தப் பக்கம் புரண்டுவிடும். மருமகளின் ஹேர் டிரையரைக் கேட்டு வாங்கி, இரு சிறகு நுனியின் பின் விளிம்பையும் சூடாக்கி இரண்டு டிகிரி மேலே முறுக்கி வைத்தேன். இப்போது நுனி எப்போதும் கொஞ்சம் தலை குனிந்தே காற்றைச் சந்திக்கும், கடைசியாகத்தான் தளரும். அடுத்த வாரம் ஆறு தடவை இழுத்துவிட்டோம். ஒரு தடவைகூடப் புரளவில்லை. டிரையரைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் ஒட்டியிருந்த வெள்ளிப் பெயிண்டைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு இங்கே வேண்டாம்.

நான்காவது ஞாயிறு விசிறியும் பேட்டரியும் உள்ளே ஏறின. அடுத்த புதன்கிழமை பெரிய பாய் பெங்களூர் கிளம்புகிறார். ஆட்டோவில் அவரை முன்னால் உட்கார வைத்து, விமானத்தைப் பின்சீட்டில் பெட்ஷீட்டில் சுற்றி வைத்தோம். ஏரிக்குள் இறங்கும் வண்டித்தடம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதுகெலும்பு எண்ணிப் பார்க்கும்.

பனைமரத்தடியில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார வைத்தோம். நான் ரேடியோவைச் சோதித்துக்கொண்டிருந்தேன். முப்பது தப்படி தள்ளி நின்று சக்தியைக் குறைத்துப் பார்ப்பது, சிக்னல் அறுந்தால் விசிறி தானே நிற்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் செய்வது. பெரிய பாய் கையை நீட்டினார்.

"வண்டியைக் குடு தம்பி. ஃபார்ம் 700 யார் கையெழுத்துப் போடறது?"

எங்களுக்குப் புரியவில்லை. விமானப்படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஃபார்ம் 700 என்று ஒரு புத்தகம் உண்டாம். பறக்குமுன் ஒவ்வொரு தொழிலாளும் தன் பங்கைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பைலட் ஏணியில் கால் வைப்பார். "ஆபீசர் என்னைப் பார்க்க மாட்டார். என் கையெழுத்தைத்தான் பார்ப்பார்" என்றார்.

மடியில் வைத்துக்கொண்டார். கண் சரியாகத் தெரியாது, கண்ணாடியைக் கழற்றியே விட்டார். மூக்கிலிருந்து தொடங்கிக் கட்டை விரலை ஓட்டினார். சிறகின் முன் விளிம்பு, பின் விளிம்பு. ஐலரானை மெல்ல அசைத்துக் காதருகே கொண்டுபோனார். ஆட்டுத்தோல் கீலைத் தடவித் தம்பியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு நகத்தால் தட்ட ஆரம்பித்தார். இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு. டக், டக், டக். தர்பூசணி வாங்குகிற மாதிரி இருக்கிறதே என்று பையன் சிரித்தான். வாலின் வலது தகடு உடம்போடு சேரும் இடத்தில் சத்தம் மாறியது. டொப். மறுபடி தட்டினார். டொப்.

"இங்கே விட்டிருக்கு."

நான் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. முந்தின இரவுகூட அந்த இடத்தை இழுத்துப் பார்த்திருந்தேன், கெட்டியாக இருந்தது. இப்போது கத்தி முனையால் பெயிண்டைக் கொஞ்சம் கீறியதும் உள்ளே மயிரிழையில் விரிசல் ஓடுவது தெரிந்தது. ஆட்டோ குலுக்கியதில் வந்திருக்கிறது. முழு வேகத்தில் மூக்கைத் தூக்கியிருந்தால் அந்தத் தகடு தனியாகப் போயிருக்கும், விமானம் தனியாகப் போயிருக்கும். கீழே ஆடு மேய்க்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஐந்து நிமிட எபாக்ஸி பையில் இருந்தது. உள்ளே முட்டுக் கொடுக்கக் குச்சி வேண்டும். ஆட்டோக்காரர் வண்டியில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்திப் பாக்கெட்டை எடுத்து வந்தார். மருந்தைச் சுரண்டி எறிந்துவிட்டு மூங்கில் குச்சி இரண்டைக் குறுக்கே செருகிப் பசை ஊற்றினேன். ஐந்து நிமிடம் என்று பெயர்தானே தவிர, பெரிய பாய் இருபத்தைந்து நிமிடம் தொடவிடவில்லை. மணி ஏழைத் தாண்டியது. கருவேலம் ஆட ஆரம்பித்தது. இன்னும் அரைமணி போனால் காற்று பறக்கவிடாது. இன்னொரு ஞாயிறு அவருக்கு இல்லை. ஆனாலும் "இறங்கலாமா?" என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவர் மறுபடி தட்டினார். டக். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இரண்டும் ஒரே சத்தம்.

"போகலாம்."

பையன் ரப்பரை இழுத்துப் பிடித்தான். விட்டான். விமானம் கயிற்றோடு ஏறியது. கயிறு கழன்ற கணத்தில் விசிறியை முழுக்கத் திறந்தேன். ஒரு வினாடி ஒன்றுமே நடக்காததுபோல மிதந்தது. இ.டி.எஃப். அப்படித்தான், அது சுழன்று சூடுபிடிக்க நேரம் எடுக்கும். பிறகு அந்தச் சத்தம் வந்தது. டேனரியில் முப்பது வருஷம் மோட்டார் சத்தம் கேட்ட காது எனக்கு, ஆனாலும் அது வேறு மாதிரி இருந்தது. வெள்ளி உடம்பு கரையைத் தாண்டி ஏறியது. இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. டிரிம்மில் இரண்டு கிளிக் கொடுத்ததும் நேராயிற்று.

உயரத்தில் வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கிப் பார்த்தேன், எங்கே தளர்கிறது என்று. மூக்கு தானாகக் குனிந்து வேகம் பிடித்துக்கொண்டது, சிறகு புரளவில்லை. ஹேர் டிரையருக்கு நன்றி. மூன்றாவது சுற்றில் எங்கிருந்தோ பருந்துகள் வந்துவிட்டன. டேனரிக் கழிவுக்கு வட்டமிடும் கூட்டம்தான், ஏழெட்டு இருக்கும். ஒன்று பின்னாலேயே திரும்பியது. அகலமாக ஒரு சுற்றுப் போட்டு விலகினேன். அவற்றின் இடத்துக்குள் நாம்தானே போனோம். டைமர் கத்தியது. 2,200 மில்லியாம்ப் பேட்டரிக்கு அவ்வளவுதான் ஆயுசு.

"ஒருக்கா தலைக்கு மேல கொண்டுவா தம்பி" என்றார் பெரிய பாய்.

ஆள் தலைக்கு நேரே பறக்கவிடுவதில்லை என்பது என் விதி. பனைமரத்துக்கு அந்தப் பக்கம், அவர் எதிரே, இரண்டு பனை உயரத்தில் கொண்டுவந்தேன். அவருக்கு விமானம் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். முகம் சத்தம் போகும் பக்கமாகவே திரும்பியது. சேரின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார், சின்ன பாய் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். பிறகு காற்றுக்கு எதிராகத் திருப்பி விசிறியைக் குறைத்தேன். களிமண்ணில் வயிறு தேய்த்து நாற்பதடி சறுக்கி, ஒரு மண்கட்டியில் இடது நுனி தட்டி அரை வட்டம் போட்டு நின்றது.

பையன் தூக்கி வந்தான். பெரிய பாய் முதலில் வாலைத்தான் தட்டினார். பிறகு, பையனின் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, என் வாட்சைப் பார்த்து நேரம் கேட்டு, மடியில் வைத்து எழுதினார். கை நடுங்கியதால் எழுத்து பெரிது பெரிதாக இருந்தது. "சார்ட்டி 1. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. இடது சிறகு நுனியின் அடியில் கீறல், மூன்று அங்குலம். வலது வால் பழுது பார்த்த இடம் நன்றாக உள்ளது. கீறலை ஒட்டாமல் அடுத்த பறப்பு கூடாது." கீழே கையெழுத்து, அதற்குக் கீழே தன் பழைய சர்வீஸ் நம்பர்.

புதன்கிழமை அவர் கிளம்பிவிட்டார். பெங்களூரில் கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தில் அசல் மாருத் ஒன்று நிற்கிறது. பேரன் கூட்டிப்போய்க் காட்டினானாம். "நம்ம வண்டி மாதிரியேதான் இருக்கு தம்பி, வயித்துல ஓட்டைதான் இல்ல" என்று போனில் சொன்னார். நோட்டு என்னிடம் இருக்கிறது. சார்ட்டி பதினொன்று வரை வந்துவிட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் பதினோரு மணிக்குப் போன் வரும். இப்போது வாலைத் தட்டுவது பையன் வேலை. "தட்டினானா?" என்று கேட்ட பிறகுதான் சௌக்கியம் விசாரிப்பார்.